விசிறியை நிறுத்து

ஜூன் 11

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டிவலிக்குக் கொடுத்த மருந்தைத் தடவுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

என் இடது கண் அப்படியேதான் இருக்கிறது. நேர்கோடுகள் கொஞ்சம் வளைந்து தெரிகின்றன. ஆறு மாதம் எடையில்லாமல் மிதந்ததற்கு உடம்பு கேட்ட கூலி. இனி மேலே அனுப்ப மாட்டோம் என்று மருத்துவர்கள் சொன்னபோது இரண்டு நாள் அழுதேன், அது உனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது கல்வி வாரியத்தில் இரண்டாவது வருடம். பள்ளி ஆய்வுக்கூடங்களை ஒழுங்கு செய்வதுதான் என் வேலை. இந்த வாரம் நான்கு பள்ளிகளுக்குப் போனேன். நான்கிலும் முதல் கேள்வி ஒன்றேதான்: "சார், மேல ஒண்ணுக்கு எப்படிப் போவீங்க?" விண்வெளி ஆராய்ச்சி அந்த ஒரு கேள்வியைத் தாண்டி நகரவே மாட்டேன் என்கிறது.

இதோடு ஓர் அட்டை அனுப்பியிருக்கிறேன். 'புகை கண்டால்' என்று தலைப்பு. விண்கலத்தில் நாங்கள் செய்ததைப் பள்ளிக்கு ஏற்றமாதிரி எழுதியிருக்கிறேன். ஒருவர் வாசலில் நின்று வாசிக்க வேண்டும், ஒருவர் உள்ளே செய்ய வேண்டும். வாசிப்பவர் "விசிறி?" என்பார். செய்பவர் அதை நிறுத்திவிட்டு "விசிறி ஆச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது. நான்கே வரிகள்: விசிறியை நிறுத்து. ஆட்களை எண்ணி வெளியேற்று. கதவை மூடு. மூலத்தை அடக்கு.

ஜனவரியில்தான் அச்சாகி எல்லாப் பள்ளிகளுக்கும் போகும். இது ஒரே ஒரு மாதிரிப் பிரதி. முதல் அட்டை என் தங்கையின் ஆய்வுக்கூடத்தில் தொங்கட்டுமே என்று ஆசை. கையெழுத்தும் போட்டிருக்கிறேன். சிரிக்காதே.

அன்புடன்,
அண்ணன்

*

ஜூன் 27

அண்ணனுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முட்டியும் சுகம், மருந்தைத் தொடாமலேயே. உன் கண்ணைப் பற்றி எழுதும்போது மட்டும் வேடிக்கையாக எழுதாதே. எனக்குப் படிக்கப் பிடிக்கவில்லை.

அட்டை வந்து சேர்ந்தது. நான் சிரிக்கவில்லை, தலைமையாசிரியைதான் சிரித்தார். "உங்க அண்ணன் கையெழுத்து கோழி கிளறுன மாதிரி இருக்கே டீச்சர்" என்றார். அதை மாட்டியது நானில்லை, எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர். பிள்ளைகள் அவரைக் குடுவைக்காரர் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் குடுவைகளோடு குடித்தனம் நடத்துகிறவர். நகத்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு, "இது விரிசல் விட்டிருக்கு டீச்சர், அடுப்புல வெக்காதீங்க" என்பார். நாம் உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. மறுவாரம் அது பிளந்துகொள்ளும்.

உன் அட்டையைக் கண்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. புகையை வெளியே இழுக்கும் சுவர் விசிறியின் சுவிட்சுக்கு மேலேயே ஆணியடித்து மாட்டினார். "வானத்துக்குப் போயிட்டு வந்தவரு நம்ம ரூமுக்குன்னு எழுதியிருக்காரு" என்று கணக்கு ஆசிரியர் வரை இழுத்து வந்து காட்டினார். தினமும் மணியடிப்பதற்கு முன் நான் வாசிக்க வேண்டும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் மறந்தாலும் விடுவதில்லை. பள்ளியில் நான்தான் அவருக்கு மேலதிகாரி என்று நினைத்திருந்தேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அட்டையைப் பற்றி உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். மறந்துவிட்டது. ஞாபகம் வந்தால் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு

*

ஜூலை 20

அன்புள்ள வாலுவுக்கு,

நலமா? மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் இரவுப் பணி முடிந்ததா? என் பக்கம் எல்லாம் சௌக்கியம், சளியைத் தவிர. நூற்றுக்கணக்கான பிள்ளைகளோடு கைகுலுக்குகிறேன் அல்லவா, ஆளுக்கொரு தும்மலைப் பரிசாகத் தருகிறார்கள்.

அட்டைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. வாரியத்தின் ஒப்புதல் குழுவில் ஒன்பது பேர், இரண்டு பேர் வேதியியல் பேராசிரியர்கள். ஏதாவது குடைவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். நான் அந்தக் கதையைச் சொன்னேன், அவ்வளவுதான். உனக்குத் தெரிந்த கதை: மூன்றாவது மாதம், கருவிப்பெட்டிக்குப் பின்னால் புகை, என் கை தானாகப் போய் விசிறிகளை நிறுத்தியது. மேலே சூடான காற்று எழும்பாது. காற்றை நகர்த்துவது விசிறி மட்டும்தான். அதை நிறுத்தினால் நெருப்பு தன் புகையிலேயே மூச்சுமுட்டி அணைந்துவிடும். நான்கு பேர் உயிரோடு திரும்பினோம். கதை முடிந்ததும் ஒன்பது பேரும் கைதட்டினார்கள். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கதையைத்தான் கேட்கிறார்கள். பத்து நொடி செய்த வேலையை வைத்துப் பத்து வருடம் பிழைப்பேன் போலிருக்கிறது.

உங்கள் குடுவைக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். அடுத்த வருடம் உங்கள் பள்ளிக்கு வரும்போது அவரோடு ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நீ கேட்க நினைத்தது என்ன? யோசித்து எழுது.

அண்ணன்

*

செப்டம்பர் 5

அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம்.

குடுவைக்காரர் இறந்துவிட்டார். இன்றோடு பதினேழு நாள். உன்னைத் தொலைபேசியில் கூப்பிடலாம் என்று பலமுறை நினைத்தேன். போனில் நீ மேடையில் பேசுகிற மாதிரியே பேசுவாய். கடிதத்தில்தான் நீ என் அண்ணன். அதனால் எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு, இரண்டாவது பாடவேளை. தட்டு நிறையச் செம்புச் சுருள் வைத்திருந்தேன். ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்து நைட்ரிக் அமிலத்தில் போட்டுக் காட்டுவதாக இருந்தேன். ஒரு பெண் திரும்பும்போது முழங்கை பட்டு அமிலப் புட்டி தட்டிலேயே கவிழ்ந்தது. பழுப்புப் புகை. எவ்வளவு வேகமாக வந்தது என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? முப்பத்தொரு பிள்ளைகளையும் எண்ணி வெளியே விட்டேன். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவர் உள்ளே நின்று கதவை மூடிக்கொண்டார். தட்டின் மேல் சோடா உப்பைக் கொட்டி, கழுவி, துடைத்து, பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார். சிரித்தார். "தொண்டை லேசா கரகரங்குது, அவ்வளவுதான் டீச்சர். பிள்ளைங்கள பாருங்க" என்றார். மதியம் சாப்பிட்டார். நாற்பது சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்தப் புகை அப்படித்தான். உடனே ஒன்றும் செய்யாது. மறுநாள் காலை அவருக்கு மூச்சு வாங்கியது. மருத்துவமனையில் நுரையீரல் முழுவதும் நீர் கட்டியிருக்கிறது என்றார்கள். பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது. வேதியியல் ஆசிரியை நான். அன்றைக்கே அவரை இழுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். அவர் சிரித்ததைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

விசிறி நின்றிருந்தது. விசாரணைக் குழு வரப்போகிறது. ஆய்வுக்கூடத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சுவிட்சுக்கு மேலே சுவரில் இப்போது ஓர் ஆணி மட்டும் இருக்கிறது.

வாலு

*

செப்டம்பர் 16

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? புகை பட்டிருந்தால் நீயும் நுரையீரலை ஒருமுறை காட்டிவிடு, சாக்குச் சொல்லாதே.

மனம் கனத்துப் போயிருக்கிறது. நான் பார்த்தே இராத மனிதர், ஆனாலும் தெரிந்தவர் போலவே இருந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவருக்கும் இப்படி நேர்ந்துவிடுகிறது. பழைய கட்டடம், பழைய விசிறி என்று நீயே முன்பு போனில் சொல்லியிருக்கிறாய். ஓடிக்கொண்டிருந்தது தானாக நின்றும் போயிருக்கலாம். மின்சாரம் தடைப்பட்டிருக்கலாம்.

குழு வந்தால் பயப்படாதே. உனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல். அனுமானமாக எதையும் சொல்லாதே, ஒரு விசாரணையில் அது யாருக்கும் நல்லதில்லை. அவர் வீட்டாருக்கு என் அனுதாபத்தைத் தெரிவி.

நிறையக் கூட்டங்கள் இருக்கின்றன. பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

*

அக்டோபர் 9

அண்ணனுக்கு,

நீ கேட்டபடி நுரையீரலைக் காட்டினேன். சுத்தமாக இருக்கிறதாம். நான் வாசலில்தானே நின்றேன்.

குழு அறிக்கை வந்துவிட்டது. ஒரே பக்கம். 'ஆய்வுக்கூட உதவியாளர், தம் சொந்த அறியாமையால், ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தியதே மரணத்துக்குக் காரணம். அறையில் அவ்வாறு செய்யச் சொல்லும் அறிவிப்பு எதுவும் காணப்படவில்லை.' சுவிட்சில் அவர் விரல் ரேகை இருந்ததாம். எந்தச் சுவிட்சில்தான் அவர் ரேகை இல்லை?

என்னை விசாரித்தார்கள். "விசிறியை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார்கள். சரியாக ஞாபகமில்லை என்றேன். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லச் சொன்னாயே, அதனால்.

அவர் மனைவி நேற்று வீட்டுக்கு வந்தார். தையற்கடை வைத்திருக்கிறார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அறிக்கையின் நகலை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார். "டீச்சர், அவரு அறியாமையில செஞ்சாருன்னு போட்டிருக்காங்க. ஒரு குடுவையைக் கழுவ அவரு மூணு தடவ யோசிப்பாரு. பையன் காலேஜ்ல படிக்கிறான். அப்பன் முட்டாத்தனமா செத்துப்போனான்னு நாலு பேரு அவன்கிட்ட சொல்றாங்க. நீங்க பக்கத்துல இருந்தீங்கல்ல? அவரு தப்பா செஞ்சாரா?" என்றார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தங்கையாக இல்லை, ஓர் ஆசிரியையாக. பழுப்புப் புகை எழுகிற அறையில் விசிறியை நிறுத்துவது சரியா, தவறா? ஒரு வார்த்தையில் எழுது.

உன் தங்கை

*

டிசம்பர் 2

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. குளிர் ஆரம்பித்துவிட்டதால் முட்டியைக் கவனி. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

கண்ணில் ஊசி போட்டார்கள், இரண்டு வாரம் படிக்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு சுற்றுப்பயணம், பதினெட்டுப் பள்ளிகள். ஒரு பள்ளியில் என் விண்வெளிக் கையுறையைப் போட்டுப் பார்த்த ஒரு சிறுமி அதைக் கழற்ற மாட்டேன் என்று அழுது, கடைசியில் கையுறையோடுதான் மதிய உணவு சாப்பிட்டாள். இன்னொரு பள்ளியில் நுண்ணோக்கிகள் எல்லாம் பெட்டியைப் பிரிக்காமலேயே இருந்தன. ஏன் என்று கேட்டால், "பிரிச்சா தூசி படிஞ்சிரும் சார்" என்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் எப்படி விஞ்ஞானம் வளர்ப்பது, சொல்.

கூட்டங்களில் இப்போதெல்லாம் அந்தப் புகைக் கதையைச் சொல்வதில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நடந்ததையே நினைத்துக்கொண்டிருக்காதே. உன்மேல் ஒரு தவறும் இல்லை என்று அறிக்கையே சொல்கிறது. பழைய தாள், அட்டை என்று வீட்டில் வேண்டாததை எல்லாம் சேர்த்து வைக்கும் வழக்கம் உனக்கு உண்டு. அப்படி ஏதாவது இருந்தால் கழித்துக்கட்டு. குப்பை சேர்ந்தால் மனதுக்கும் நல்லதில்லை.

அண்ணன்

*

ஜனவரி 19

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. இருந்தாலும் உன் கண் குணமாக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று காலை வாரியத்திலிருந்து பார்சல் வந்தது. புத்தம் புதிய அட்டைகள், வழவழப்பாக, நீல எழுத்தில். 'புகை கண்டால்.' முதல் வரி: விசிறியை ஓடவிடு. இரண்டாவது வரியிலிருந்து எல்லாம் பழையபடியே. கையெழுத்து இல்லை.

நான் ஒரு வார்த்தையில் பதில் கேட்டிருந்தேன். எனக்கு எழுதாத பதிலை அச்சடித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியிருக்கிறாய். இனி ஒரு பிள்ளையும் சாகாது. அதற்கு உன்னைக் கும்பிடலாம். ஆனால் ஏன் மாற்றினாய் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய் அண்ணா. அந்தப் பூசணிக்காய்க்கு ஒரு மனைவி இருக்கிறார், கல்லூரியில் படிக்கும் ஒரு மகன் இருக்கிறான்.

நானும் யோக்கியமில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அன்று நான் வாசலில் நின்று, "விசிறி?" என்று வாசித்தேன். அவர் ஒரு கணம் தயங்கினார். புகை மேலே விசிறியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மறுபடியும், "விசிறி?" என்றேன். நிறுத்திவிட்டு, "விசிறி ஆச்சு டீச்சர்" என்றார். மேலே நெருப்பை அணைத்த வரி, கீழே ஓர் ஆளைக் கொன்றது. உன் கலத்தில் சூடான புகை எழும்பாது. என் அறையில் எழும்பும், விசிறி அதை வெளியே இழுத்துத் தள்ளும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

ஜூன் மாதம் ஒரு கேள்வி மறந்துவிட்டது என்று எழுதினேனே, மறக்கவில்லை. முதல் வரியைப் படித்ததுமே எனக்கு நெருடியது. வானத்துக்குப் போய் வந்தவனிடம் இந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் கேள்வி கேட்பதா என்று விட்டுவிட்டேன். கைதட்டிய அந்த ஒன்பது பேரோடு நான் பத்தாவது ஆள்.

அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன அன்று காலை, நான் முதலில் ஓடியது ஆய்வுக்கூடத்துக்கு. ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். அவர் உயிரோடு இருக்கும்போதே, அண்ணா. யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போனது. இப்போது அது என் துணி அலமாரியில் இருக்கிறது. தலைமையாசிரியையும் கணக்கு ஆசிரியரும் அட்டையைப் பார்த்தவர்கள்தான், பள்ளிக்குப் பெயர் கெடும் என்று அவர்களும் குழுவிடம் பேச்செடுக்கவில்லை. இது உனக்குத் தெரியும் என்றும் எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதே. நீ என்ன செய்யப்போகிறாய் என்று எழுது. ஒரு மாதம் பார்ப்பேன்.

உன் தங்கை

*

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். எத்தனையோ முறை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். இப்போது முடிவு செய்துவிட்டேன். உண்மைக்கு முன்னால் என் பெயர், பதவி, நான் விண்ணுக்குப் போனது எல்லாம் தூசு. ஒரு நல்ல மனிதரின் பெயர் கெட்டுப்போக நான் இனியும் விடமாட்டேன்.

நானே குழுவின் முன்னால் போய் நிற்கப்போகிறேன். யாரும் கேட்காமல், நானாக. அதற்கு ஆதாரம் வேண்டும். அந்த அட்டையைப் பதிவுத் தபாலில் உடனே எனக்கு அனுப்பிவை. நீ அதை எடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன், எல்லாப் பழியும் என்மேலேயே இருக்கட்டும். ஓர் அண்ணனாக அதையாவது நான் செய்ய வேண்டாமா?

தாமதிக்காதே.

உன் அண்ணன்

*

மார்ச் 15

அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் கடிதம் அழகாக இருந்தது. முதல் தடவை படித்தபோது அழுதேன். இரண்டாவது தடவை தேதியைப் பார்த்தேன்.

அட்டை என்னிடம் இல்லை. ஒரு மாதம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு மேல் ஒரு நாளும் காத்திருந்தேன். பிப்ரவரி 20 அன்று தையற்கடைக்குப் போய் அவர் மனைவியின் கையில் கொடுத்தேன். நான் எடுத்ததையும், ஞாபகமில்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. அட்டையைத் தையல் மெஷின் மேல் வைத்து நான்கு வரிகளையும் விரலால் தடவினார். "வீட்லயும் இத வெச்சுத்தான் பழகுவாரு டீச்சர். ஒரு தாள்ல எழுதிட்டு வந்தாரு. அந்தத் தாளக் காட்டுனா, அவரா எழுதிக்கிட்டதுன்னு அதிகாரிங்க தள்ளிட்டாங்க. நான் படிக்கணும், அவரு திருப்பிச் சொல்லணும். ஒரு நாள் நான் சிரிச்சிட்டேன். சிரிக்காத, இது பிள்ளைங்க உயிருன்னு கோவிச்சுக்கிட்டாரு" என்றார்.  விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளே அவர் குழுவிடம் போயிருக்கிறார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது நியாயம், அதற்காக நீ யாரிடமும் பேசக் கூடாது.

குழு உனக்கு அனுப்பிய அழைப்பின் நகல் அவர் மனைவிக்கும் வந்திருக்கிறது. எனக்குக் காட்டினார். பிப்ரவரி 27 தேதியிட்டது. அட்டையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. 'பாதுகாப்பு அறிவுறுத்தல் தொடர்பாக விளக்கம் தேவை' என்று மட்டும் இருக்கிறது. எந்த விளக்கம் என்று உனக்குப் புரிந்திருக்கும். உன் ஊரில் தபால் இரண்டு நாளில் வந்துவிடும் என்று நீதான் எப்போதும் பீற்றிக்கொள்வாய். உன் கடிதமோ மார்ச் 6.

வேறொன்றும் கேட்கவில்லை. 'யாரும் கேட்காமல், நானாக' என்று எழுதினாயே, அதை எழுதியது அந்த அழைப்பு வருவதற்கு முன்னாலா, பின்னாலா?

போன தடவை ஒரு வார்த்தை கேட்டேன், நீ தரவில்லை. இந்தத் தடவை தா.

*

ஏப்ரல் 4

வாலு,

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது உனக்குப் பழக்கமில்லை. என் கண் இன்னும் கொஞ்சம் மோசமாகியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மார்ச் 29 அன்று குழுவின் முன்னால் போனேன். மேசையில் அட்டை இருந்தது. ஓரத்தில் ஆணித் துளை, கீழே கோழி கிளறின என் கையெழுத்து. இதை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். மேலே சரியானதைக் கீழேயும் சரி என்று எழுதினேன், தூங்கி எழுந்தாலும் என் வாய் அந்த வரியைத்தான் சொல்லும், அதைச் சரிபார்க்கத் தோன்றவே இல்லை என்றேன். தவறு என்று எப்போது தெரிந்தது என்று கேட்டார்கள். உன் செப்டம்பர் கடிதத்தில் 'விசிறி நின்றிருந்தது' என்று படித்த அந்த நிமிடமே தெரிந்தது என்றேன். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்றார்கள்.   பயம் என்று ஒரு சொல் இருக்கிறது, அதைச் சொன்னேன்.

அவர் மனைவியும் அறையில் இருந்தார். கடைசியில் குழுத் தலைவர் அவரைப் பார்த்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். எழுந்து நேராக என்னிடம் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அவரு சரியாத்தானே செஞ்சாரு?" என்றார்.

"சரியாத்தான் செஞ்சாரும்மா. அட்டையில இருந்தபடியே செஞ்சாரு. தப்பு என்னுது" என்றேன்.

"திருப்பிச் சொல்லுங்க" என்றார்.

நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தது அதுதான். திருப்பிச் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.  அவர் அசையாமல் நின்றார். "அவரு சரியா செஞ்சாரு. தப்பு என்னுது" என்றேன்.

"ஆச்சு" என்றார். அட்டையைக் கேட்டார். அது ஆவணம், தர முடியாது என்றார்கள். பரவாயில்லை, வீட்டில் அவர் கைப்பட எழுதிய தாள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறிக்கையில் 'சொந்த அறியாமையால்' என்பதை நீக்கி, 'எழுத்தில் தரப்பட்ட அறிவுறுத்தலைப் பின்பற்றியதால்' என்று மாற்றியிருக்கிறார்கள். நகலை அவர் மகனுக்கும் அனுப்பச் சொன்னேன். வாரியத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். அவர்கள் மறுக்கவில்லை. கையுறையை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டேன். இனி எந்தப் பள்ளிக்கும் கூப்பிட மாட்டார்கள். மேலே போகக் கூடாது என்றபோது இரண்டு நாள் அழுதேன் என்று எழுதினேனே, இந்தத் தடவை அழுகை வரவில்லை.

உன் கேள்வியை மறக்கவில்லை. பதில் சொல்லாமல் கடிதத்தை முடித்துவிடலாம் என்று இந்தப் பக்கம் முழுவதும் நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். குழுவிடம் சொன்னதைவிட இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. அழைப்பு மார்ச் முதல் தேதியே வந்துவிட்டது. ஐந்து நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் உனக்கு எழுதினேன்.

பின்னால்தான்.

அண்ணன்